சாவியை வைத்து ஒப்பிடுவது: பேரேட்டிலிருந்து பிஎச்பி வரை ஒரு சிறு வரலாறு

கையில் இரண்டு பட்டியல்கள் இருக்கின்றன. முதல் பட்டியலில் இருப்பவர்களில் யார் யார் இரண்டாவதில் இல்லை? இரண்டிலும் இருப்பவர்கள் யார்? கேட்பதற்குச் சின்னக் கேள்விதான். ஆனால் வங்கி, ரேஷன் கடை, வரி அலுவலகம், தேர்தல் அலுவலகம், கல்லூரித் தேர்வுப் பிரிவு என்று எங்கு போனாலும் இந்தக் கேள்விக்குத்தான் தினமும் பதில் தேடிக்கொண்டிருக்கிறார்கள். பதில் தப்பாக வந்தால் யாரோ ஒருவருடைய பெயர் விட்டுப்போகும்.

பிஎச்பி என்ற கணினி மொழியில் இதற்கென்றே இரண்டு கட்டளைகள் உண்டு. ஒன்று அரே_டிஃப்_கீ, இன்னொன்று அரே_இன்டர்செக்ட்_கீ. இரண்டும் 2005 நவம்பரில் வந்த பிஎச்பி 5.1 பதிப்பில்தான் சேர்ந்தன. ஆனால் அதன் பின்னால் இருக்கும் யோசனைக்குப் பல நூற்றாண்டு வயது. அந்தக் கதையைக் கொஞ்சம் பார்ப்போம்.

தமிழில் முதல் "சாவி"

அசோசியேட்டிவ் அரே என்றால் என்ன? ஒரு சாவியைக் கொடுத்தால் அதற்குரிய மதிப்பு கிடைக்கும் பட்டியல். சாவிக்கு அங்கே "கீ" என்று பெயர். அகராதியும் இதே வகைதான். சொல் என்பது சாவி, பொருள் என்பது மதிப்பு.

இன்றைக்கு இது சாதாரணமாகத் தெரிகிறது. ஆனால் பழைய தமிழ் நிகண்டுகள் இப்படி இல்லை. திவாகரம் போன்றவை தெய்வப் பெயர், மக்கட்பெயர், விலங்கின் பெயர் என்று பொருள்வாரியாகத் தொகுக்கப்பட்டவை. செய்யுள் வடிவில் இருந்ததால் மாணவர்கள் மனப்பாடம் செய்தார்கள். மனப்பாடம் செய்தவருக்கு எல்லாம் நாக்கு நுனியில் இருக்கும். செய்யாதவர் ஒரு சொல்லைத் தேட வேண்டுமானால் முழு நூலையும் புரட்ட வேண்டியதுதான்.

1594-இல் சிதம்பர ரேவண சித்தர் இயற்றிய அகராதி நிகண்டு இந்த வழக்கத்தை மாற்றியது. சொற்களை முதலெழுத்தின் அகர வரிசையில் அடுக்கினார் அவர். "அகராதி" என்ற சொல்லே அங்கிருந்துதான் பரவியது. பிறகு 1732-இல் வீரமாமுனிவரின் சதுரகராதி வந்தது. முழு நூலும் தெரியாதவரும் சாவி தெரிந்தால் பொருளைக் கண்டுபிடிக்கலாம் என்ற நிலை தமிழில் இப்படித்தான் ஏற்பட்டது.

கணக்குப் புத்தகத்திலும் இதே கதைதான். இரட்டைப் பதிவு முறையை அச்சில் விளக்கிய லூகா பசியோலியின் நூல் 1494-இல் வெனிஸ் நகரில் வெளியானது. பேரேட்டோடு கூட அகர வரிசையில் ஒரு பெயர்ச் சுட்டியும் வைத்துக்கொள்ள வேண்டும் என்று அதில் சொல்லியிருக்கிறார். பெயரைப் பார்த்தால் பக்க எண் தெரியும், பக்கத்தைத் திருப்பினால் கணக்கு தெரியும்.

வணிகவியல் படிப்பவர்கள் எல்லோரும் போடும் வங்கிச் சரிக்கட்டும் பட்டியலை நினைத்துப் பாருங்கள். ரொக்க ஏட்டில் ஒரு பட்டியல், வங்கி பாஸ்புக்கில் ஒரு பட்டியல். இரண்டையும் தொகையை வைத்து ஒப்பிட முடியாது. 5,000 ரூபாய்க்கு மூன்று காசோலைகள் இருக்கலாம். காசோலை எண்ணை வைத்துத்தான் ஒப்பிட வேண்டும். ஏட்டில் இருந்து பாஸ்புக்கில் இல்லாதவை ஒரு பக்கம், பாஸ்புக்கில் இருந்து ஏட்டில் இல்லாதவை மறுபக்கம். அரே_டிஃப்_கீ செய்யும் வேலையும் அச்சு அசலாக இதுதான்.

கணினிக்குள் சாவி வந்த கதை

ஆயிரம் பெயர் கொண்ட இரண்டு பட்டியல்களை ஒவ்வொன்றாக ஒப்பிட்டால் 10 லட்சம் ஒப்பீடுகள் வரை ஆகும். இதைக் குறைக்க ஒரு வழி சொன்னவர் ஐபிஎம் நிறுவனத்தில் இருந்த ஹான்ஸ் பீட்டர் லூன். 1953 ஜனவரியில் அவர் எழுதிய உள்சுற்றுக் குறிப்பு ஒன்றில் அந்த யோசனை இருந்தது. சாவியை ஒரு சின்னக் கணக்குக்கு உட்படுத்தி ஓர் எண்ணாக மாற்று. அந்த எண் உள்ள பெட்டியில் தகவலைப் போடு. தேடும்போதும் அதே கணக்கைப் போட்டு நேராக அந்தப் பெட்டிக்குப் போ. மற்ற பெட்டிகளைத் திறக்கவே வேண்டாம். இந்த முறைக்குத்தான் ஹாஷிங் என்று பெயர்.

கிரெடிட் கார்டு எண்ணின் கடைசி இலக்கம் சரிதானா என்று பார்க்க உலகமே பயன்படுத்தும் சூத்திரமும் இதே லூன் கண்டுபிடித்ததுதான்!

1960-களின் இறுதியில் ஸ்னோபால்-4 மொழியில் "டேபிள்" என்ற வசதி வந்தது. 1977-இல் பெல் ஆய்வுக்கூடத்தில் ஆல்ஃபிரட் ஏஹோ, பீட்டர் வைன்பெர்கர், பிரையன் கெர்னிகன் மூவரும் ஆக் என்ற மொழியை எழுதினார்கள். மூவரின் பெயர்களின் முதலெழுத்துதான் மொழியின் பெயர். அதில் எல்லா அரேயும் அசோசியேட்டிவ் அரேதான். 1987 டிசம்பரில் லாரி வால் வெளியிட்ட பெர்ல் மொழி இதை எடுத்துக்கொண்டு "ஹாஷ்" என்று செல்லமாகக் கூப்பிட்டது.

1995 ஜூன் மாதம் ராஸ்மஸ் லெர்டார்ஃப் பிஎச்பியை வெளியிட்டார். சாதாரண வரிசைப் பட்டியல், சாவிப் பட்டியல் என்ற பிரிவே பிஎச்பியில் இல்லை. இரண்டுக்கும் ஒரே அரேதான்.

இங்கே ஒரு வேடிக்கையான தகவல். ஆரம்பகால பிஎச்பியில் நூறுக்கும் குறைவான கட்டளைகளே இருந்தன. அவற்றைப் பெட்டிகளில் பிரிக்க, கட்டளையின் பெயரில் எத்தனை எழுத்து என்பதையே ஹாஷ் கணக்காக வைத்திருந்தாராம் லெர்டார்ஃப். எல்லாப் பெயரும் ஒரே நீளமாக இருந்தால் எல்லாம் ஒரே பெட்டியில் குவிந்துவிடும். அதனால் வேறு வேறு நீளத்தில் பெயர் வைத்தாராம். பிஎச்பியின் சில கட்டளைப் பெயர்கள் ஏன் அவ்வளவு நீளம் என்ற கேள்விக்கு 2013-இல் அவரே சொன்ன விளக்கம் இது.

கட்டளைகள் எப்படி வேலை செய்கின்றன?

சங்கரன்கோவில் என்றால் விசைத்தறியும் நினைவுக்கு வரும். அதையே உதாரணமாக எடுத்துக்கொள்வோம். ஒரு முதலாளியிடம் இரண்டு நோட்டுகள். பாவு கொடுத்த நோட்டில் தறி எண் 11, 12, 15. சேலை திரும்பி வந்த நோட்டில் தறி எண் 12, 15, 18.

பாவு நோட்டை முதலில் வைத்து அரே_டிஃப்_கீ போட்டால் 11 வரும். பாவு போயிருக்கிறது, சேலை வரவில்லை. சேலை நோட்டை முதலில் வைத்துப் போட்டால் 18 வரும். சேலை வந்திருக்கிறது, பாவு கொடுத்ததற்குக் கணக்கு இல்லை. அரே_இன்டர்செக்ட்_கீ போட்டால் 12, 15 இரண்டும் வரும். அதாவது கணக்கு நேரானவை.

இதில் கவனிக்க வேண்டியது இரண்டு. ஒன்று, எந்தப் பட்டியலை முதலில் வைக்கிறோம் என்பதைப் பொறுத்து டிஃப் கட்டளையின் விடை மாறும். ஒரு பக்கம் மட்டும் பார்த்துவிட்டு "எல்லாம் சரி" என்று நோட்டை மூடினால் பாதிக் கணக்குதான் பார்த்ததாக அர்த்தம். இரண்டு, இந்தக் கட்டளைகள் மதிப்பைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. 12-ஆம் தறிக்குப் பத்துச் சேலை வர வேண்டிய இடத்தில் எட்டு வந்திருந்தாலும் "இருக்கிறது" என்றுதான் சொல்லும். சாவியோடு மதிப்பையும் சேர்த்து ஒப்பிட அரே_டிஃப்_அசாக் என்ற வேறு கட்டளை இருக்கிறது. அது 2002 டிசம்பரில் வந்த 4.3 பதிப்பிலேயே வந்துவிட்டது.

5.1-க்கு முன்னால் என்ன செய்தார்கள்? ஃபார்ஈச் போட்டு ஒவ்வொரு சாவியாக எடுத்து, அடுத்த பட்டியலில் இருக்கிறதா என்று இஸ்செட் கட்டளையால் கேட்டார்கள். அதில் ஒரு கண்ணி இருந்தது. சாவி இருந்து மதிப்பு நல் என்று வெறுமையாக இருந்தால் "இல்லை" என்று சொல்லிவிடும் இஸ்செட். மாணவர் பட்டியலில் ஒருவருக்கு இன்னும் மதிப்பெண் ஏற்றவில்லை என்று வைத்துக்கொள்வோம். அவர் பெயரே பட்டியலில் இல்லை என்று விடை வரும். மதிப்பெண் வராததும் மாணவரே இல்லாததும் ஒன்றா? இந்த வித்தியாசத்தைச் சரியாகப் பார்க்கும் அரே_கீ_எக்சிஸ்ட்ஸ் கட்டளையைப் பலர் பட்ட பிறகுதான் பிடித்துக்கொண்டார்கள்.

எண்ணா, எழுத்தா?

பிஎச்பியின் இன்னொரு குணம் இது. "7" என்று எழுத்தாகச் சாவி கொடுத்தாலும் அதை 7 என்ற எண்ணாக மாற்றி வைத்துக்கொள்ளும். ஆனால் "007" என்று கொடுத்தால் மாற்றாது, எழுத்தாகவே வைக்கும். அதனால் ஒரு பட்டியலில் பதிவு எண் 007 என்றும், எக்செல்லில் இருந்து வந்த இன்னொரு பட்டியலில் 7 என்றும் இருந்தால், ஒரே மாணவர் இரண்டு பேராகிவிடுவார். டிஃப் போட்டால் இரண்டு பக்கமும் "காணவில்லை" என்று வரும்.

இரண்டு பட்டியல்களைச் சேர்க்கும் அரே_மெர்ஜ் கட்டளை இன்னும் மோசம். எண் சாவிகளை எல்லாம் தூக்கி எறிந்துவிட்டு 0, 1, 2 என்று புதிதாக எண் போட்டுவிடும். அஞ்சல் எண்ணைச் சாவியாக வைத்திருந்த பட்டியலில் அஞ்சல் எண்ணே காணாமல் போகும். அதற்குப் பதிலாகக் கூட்டல் குறியைப் பயன்படுத்தினால் சாவிகள் தப்பிக்கும்.

சங்கரன்கோவில் என்ற சாவி

ஊர்ப்பெயரையே சாவியாக வைக்கலாமே என்று தோன்றும். சங்கரன்கோவிலையே எடுத்துக்கொள்ளுங்கள். சங்கரன்கோவில், சங்கரன்கோயில் என்று இரண்டும் புழக்கத்தில் இருக்கின்றன. பழைய ஆவணங்களில் சங்கரநயினார்கோவில் என்றும் பார்க்கலாம். ஆங்கிலத்தில் எழுதும்போது இன்னும் இரண்டு மூன்று வகை கூடும். மனிதக் கண்ணுக்கு எல்லாம் ஒரே ஊர். கணினிக்கு ஒவ்வொன்றும் வேறு வேறு சாவி.

ஊரின் தலபுராணமும் ஏறக்குறைய இதே விவகாரம்தான்! சிவன் பெரியவரா, திருமால் பெரியவரா என்று சங்கன், பதுமன் என்ற இரு நாக அரசர்களுக்குள் வாதம். கோமதி அம்மன் தவமிருக்க, ஒரு பாதி சங்கரன், மறு பாதி நாராயணன் என்று ஒரே உருவில் இறைவன் காட்சி கொடுத்ததாகப் புராணம் சொல்கிறது. அதைத்தான் இன்றும் ஆடித்தபசு விழாவாகக் கொண்டாடுகிறார்கள். இரண்டு பெயர், ஒரே பொருள். ஆனால் பிஎச்பிக்குக் காட்சி கொடுக்க யாரும் வர மாட்டார்கள். நாம்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

ஊர்ப்பெயர்க் குழப்பம் இந்திய அஞ்சல் துறைக்கு வெகுகாலத் தலைவலி. ஒரே பெயரில் பல ஊர்கள், பல மொழிகள், பலவித எழுத்துக்கூட்டல். இதற்குத் தீர்வாக 1972 ஆகஸ்ட் 15 அன்று ஆறு இலக்க அஞ்சல் குறியீட்டு எண் அறிமுகமானது. வடிவமைத்தவர் தகவல் தொடர்பு அமைச்சகத்தில் அதிகாரியாக இருந்த ஸ்ரீராம் பிகாஜி வேலங்கர். அவர் ஒரு சமஸ்கிருதக் கவிஞரும்கூட.

சங்கரன்கோவிலின் எண் 627756. முதல் 6 தமிழ்நாடு, கேரளம் உள்ளிட்ட மண்டலம். 627 என்பது திருநெல்வேலிப் பகுதி. கடைசி மூன்று இலக்கம் பட்டுவாடா செய்யும் அஞ்சலகம்.

2019 நவம்பர் 22 அன்று திருநெல்வேலியிலிருந்து பிரிந்து தென்காசி மாவட்டம் உதயமானது. சங்கரன்கோவில் தென்காசிக்குப் போனது. ஆனால் அஞ்சல் எண் அதே 627756தான். மாவட்டம் என்ற மதிப்பு மாறியது, சாவி மாறவில்லை. அதனால் கடிதங்களும் வழி தவறவில்லை. "திருநெல்வேலி-சங்கரன்கோவில்" என்று மாவட்டப் பெயரையும் சேர்த்துச் சாவி அமைத்திருந்த பட்டியல் ஏதாவது இருந்திருந்தால், அன்றைக்கு அதைப் புதிய பட்டியலோடு ஒப்பிட்டதும் ஊரே காணாமல் போயிருக்கும்.

2020 ஜூனில் தமிழக அரசு 1,018 ஊர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலைத் தமிழ் உச்சரிப்புக்கு ஏற்ப மாற்றி அரசாணை வெளியிட்டது. பெரும் விவாதம் கிளம்பி அதே மாதத்தில் அது திரும்பப் பெறப்பட்டது. பெயர்ப்பலகை மாற்றுவது ஒரு பக்கம். பெயரையே சாவியாக வைத்திருக்கும் ஏடுகள் எத்தனை என்பது இன்னொரு பக்கம்.

அதற்காக அஞ்சல் எண் குறையே இல்லாத சாவி என்று நினைத்துவிட வேண்டாம். நாட்டில் அஞ்சலகங்கள் ஒன்றரை லட்சத்துக்கும் மேல். அஞ்சல் எண்களோ சுமார் 19,000தான். ஓர் எண்ணுக்குக் கீழே பல கிராமங்கள் இருக்கும். கிராமப் பட்டியலுக்கு அதைச் சாவியாக வைத்தால், இரண்டாவது கிராமத்தை ஏற்றும்போது முதல் கிராமம் சத்தமில்லாமல் அழிந்துவிடும். பிஎச்பி எச்சரிக்கைகூடக் கொடுக்காது.

கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு இரண்டு

தமிழில் சாவி வைப்பவர்களுக்கு இன்னொரு பொறி இருக்கிறது. "சங்கரன்கோவில்" என்பதைக் கண்ணால் எண்ணினால் எட்டு எழுத்து. யூனிகோடில் அது 13 குறியீடுகள். யூடிஎஃப்-8 முறையில் ஒரு தமிழ்க் குறியீட்டுக்கு 3 பைட், ஆக 39 பைட்.

ஆனால் "கோ" என்ற எழுத்தை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம். க-வோடு ஓகாரக் குறி ஒன்றைச் சேர்ப்பது ஒரு வழி. க-வோடு ஏகாரக் கொம்பையும் ஆகாரக் காலையும் தனித்தனியாகச் சேர்ப்பது இன்னொரு வழி. இரண்டாவது வழியில் 14 குறியீடுகள், 42 பைட். திரையில் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். இரண்டும் சமம் என்று யூனிகோடு விதியே சொல்கிறது. ஆனால் பிஎச்பி பைட்டை மட்டும்தான் பார்க்கும். 39-ம் 42-ம் வேறு வேறு சாவி என்று பிரித்துவிடும். திரையைப் பார்த்துப் பார்த்துக் கண் வலித்தாலும் பிழை தெரியாது.

1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டைத் தொடர்ந்து டாம், டாப் என்ற குறியேற்றங்கள் அரசுத் தரமாயின. இணையத்தில் திஸ்கி பரவியிருந்தது. ஒவ்வொன்றிலும் ஒரே ஊருக்கு வேறு வேறு பைட்கள். 2010 ஜூனில் யூனிகோடையும் டேஸ்-16 முறையையும் தரமாக அறிவித்தது தமிழக அரசு. டேஸ்-16-இல் ஒவ்வோர் உயிர்மெய்க்கும் ஒரே குறியீடு என்பதால் "கோ" தகராறு அங்கே கிடையாது. யூனிகோடில் இருப்பவர்களுக்கும் வழி இருக்கிறது. 2009-இல் வந்த பிஎச்பி 5.3 முதல் நார்மலைசர் என்ற வசதி உண்டு. ஒப்பிடுவதற்கு முன் எல்லாச் சாவிகளையும் அதில் ஒருமுறை போட்டு எடுத்தால் போதும்.

பணமும் வாக்கும்

இதெல்லாம் மென்பொருள் எழுதுபவர்களின் கவலை என்று விட்டுவிட முடியாது. சரக்கு மற்றும் சேவை வரி 2017 ஜூலை 1-இல் வந்தது. வாங்கிய சரக்குக்குக் கட்டிய வரியைக் கடைக்காரர் கழித்துக்கொள்ள வேண்டுமானால், விற்றவர் தாக்கல் செய்த பட்டியலிலும் அந்த பில் இருக்க வேண்டும். 2022 ஜனவரி 1 முதல் சட்டத்திலேயே இந்த நிபந்தனை சேர்ந்துவிட்டது. மாதா மாதம் கொள்முதல் ஏட்டை 2பி அறிக்கையோடு ஒப்பிடும்போது சாவி எது? விற்றவரின் 15 இலக்க வரிப் பதிவு எண்ணும் பில் எண்ணும் சேர்ந்தது. ஒருவர் 012 என்றும் மற்றவர் 12 என்றும் பதிந்தால் மென்பொருள் "பொருந்தவில்லை" என்று காட்டும். பிறகு ஆள் உட்கார்ந்து தேட வேண்டும். தேடாமல் விட்டால் நட்டம் கடைக்காரருக்கு. மின்-பில் தளத்தில் 2025 ஜூன் 1 முதல் பில் எண்ணில் உள்ள ஆங்கிலச் சின்ன எழுத்தையெல்லாம் பெரிய எழுத்தாக மாற்றியே எடுத்துக்கொள்கிறார்கள். சாவியைச் சுத்தம் செய்துவிட்டு ஒப்பிடு என்ற பழைய பாடம்தான்.

வாக்காளர் அடையாள அட்டை டி.என்.சேஷன் தலைமைத் தேர்தல் ஆணையராக இருந்தபோது 1993-இல் தொடங்கியது. வேறு வேறு மாநிலங்களில் ஒரே அட்டை எண் இருவருக்கு இருப்பதாக 2025 தொடக்கத்தில் சர்ச்சை எழுந்தது. முன்பு மாநிலங்கள் தனித்தனியாக எண் கொடுத்தபோது சில மாநிலங்கள் ஒரே வரிசையைப் பயன்படுத்திவிட்டன, அதனால் அவர்கள் போலி வாக்காளர்கள் என்று அர்த்தமில்லை என்று அந்த மார்ச் மாதம் ஆணையம் விளக்கம் கொடுத்தது. மாநிலத்துக்குள் பட்டியல் இருந்தவரை அந்த எண் நல்ல சாவிதான். நாடு முழுவதையும் ஒரே பட்டியலாகப் பார்த்தபோதுதான் மோதல் தெரிந்தது.

ஆக, ஒப்பிடும் கட்டளை ஒரே வரிதான். அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்விகள்தான் அதிகம். இந்தச் சாவி ஒருவருக்கு ஒன்றுதானா? நாளைக்கு மாறக்கூடியதா? இரண்டு பட்டியலிலும் ஒரே மாதிரி எழுதப்பட்டிருக்கிறதா? இரண்டு பக்கமும் ஒப்பிட்டாயிற்றா? "இல்லை" என்று வந்தவர்களை நீக்குவதற்கு முன் ஓர் ஆள் பார்த்தாரா?

அடுத்த முறை ஏதாவது ஓர் அலுவலகத்தில் "உங்க பேரு லிஸ்ட்ல இல்லையே" என்று சொன்னால், எந்தச் சாவியை வைத்துத் தேடினீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள்.